சல்லடையில் போன சிவப்பு

சிங்கப்பூரில் ஒரு மூலிகைப் பரிசோதனைக்கூடத்தில் சேர்ந்த புதிதில் என் கைக்கு வந்தது தான்ஷென் வேர். துளசிக் குடும்பத்துச் செடி. சீன வைத்தியத்தில் இரத்த ஓட்டத்துக்கும் நெஞ்சுவலிக்கும் கொடுப்பார்கள். பெயரில் உள்ள 'தான்' என்பதற்கே சிவப்பு என்றுதான் பொருள்.

வேரைப் பொடித்து, சாறு இறக்கி, கலவையில் உள்ளவற்றைப் பிரித்துக் காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் ஏற்றி இரண்டு வகைச் சேர்மங்களை அளக்க வேண்டும். ஒன்று டான்ஷினோன்கள். வேருக்குச் சிவப்பைத் தருபவை இவைதான். மெத்தனால் என்ற கரைப்பானில் இறங்கும், தண்ணீரில் லேசில் கரையாது. இன்னொன்று சால்வியானாலிக் அமிலம் பி. இது தண்ணீரிலேயே கரையும். சீன அரசின் மருந்துத் தர நூல்படி மூன்று டான்ஷினோன்கள் சேர்ந்து குறைந்தது 0.25 சதவீதமும், அமிலம் 3 சதவீதமும் இருக்க வேண்டும்.

அமிலம் தாராளமாகத் தேறியது. டான்ஷினோன் 0.25-ஐத் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் தூய சேர்மத்தை, அதாவது ஸ்டாண்டர்டைப் புதிதாகக் கரைத்து மறுபடி ஓட்டினேன்; அதே கதை. சரி, சரக்கு மட்டம் என்று எளிதில் முடிவுகட்டி, அறிக்கையில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

சரக்கு அறையைப் பார்த்துக்கொள்ளும் சீன ஆன்ட்டி, நான் திருப்பி அனுப்பிய மிச்ச மாதிரியை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். ஒரே கேள்வி: "தோல் எங்கே?"

பையின் அடியில் செதில் செதிலாகக் கிடந்த செந்தூளை மண் என்று நினைத்துச் சல்லடையில் தட்டிக் குப்பையில் போட்டிருந்தேன். வீட்டில் மளிகைச் சாமானைப் புடைத்துப் பழகிய கை! முற்றிய தான்ஷென் வேரில் தோல் தானாகவே உரிந்து உதிரும். டான்ஷினோன் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. அமிலம் உள்ளே சதையிலும் இருப்பதால் அது மட்டும் தப்பித்தது. இரண்டில் ஒன்று மட்டும் குறைந்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தூளும் தோலுமாக மாதிரி எடுத்துச் செய்ததில் சரக்கு தேறிவிட்டது. தவறு யாருடையது என்று கேட்கும் படிவத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

அப்புறம் ஒருநாள் ஆன்ட்டியிடம் கேட்டேன்: "மெல்லிய வேரில்தானே எடைக்கு எடை தோல் அதிகம்? பிறகு ஏன் பருத்த வேருக்கு இவ்வளவு விலை?"

"சூப்பில் போட்டால் பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா?" என்றார்.

சூப் என்றால் தண்ணீர். டான்ஷினோன் அதில் எங்கே இறங்கப்போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். "தோல் எங்கே?" என்று அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. சல்லடையைக் கழுவப் போய்விட்டேன்.