தேக்குத் தளத்தைத் தட்டிப் பார்க்கும் வேலை

மலேசியாவின் லங்காவித் தீவில் பழைய பாய்மரப் படகு வாங்க வருபவர்களுக்குப் படகைச் சோதித்துச் சொல்வது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் மயங்குவது தேக்குத் தளத்தில்தான். அது பொன்னிறமாக மின்னினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். தேக்கு வெயிலில் நரைப்பது இயல்பு, அதனால் பழுதில்லை. விற்பதற்காக மெஷின் போட்டு இழைத்திருந்தால்தான் பலகை மெலிந்திருக்கும்.

1970, 80களில் தைவானில் கட்டிய படகுகள் பலவற்றில் ஃபைபர் தளத்தின் மேல் தேக்குப் பலகைகளை ஏராளமான ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருப்பார்கள். ஸ்க்ரூ தலையை ஒரு சின்ன மர முளை மூடியிருக்கும். பலகை தேயத் தேய முளையும் மெலிந்து ஒருநாள் பெயர்ந்துவிடும். அப்புறம் மழைநீர் ஸ்க்ரூவை ஒட்டியே இறங்கி, ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் பால்சா என்ற லேசான மரத்தையோ பிளைவுட்டையோ ஊறவைக்கும். தேக்கு அவ்வளவு எளிதில் மக்காது. கீழே இருப்பதற்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

வெயில் ஏறினால் தளத்தில் முட்டி போட முடியாது, அதனால் காலையிலேயே போய்விடுவேன். முதலில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பேன். பலகை காய்ந்த பிறகும் இடுக்கோரம் ஈரக்கோடு தெரிந்தால், அங்கே இடுக்கை அடைத்திருக்கும் கறுப்புப் பசை பலகையை விட்டுவிட்டது என்று அர்த்தம். பிறகு, பலாப்பழம் வாங்குகிறவரைப் போல, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிக்கொண்டே நகர்வேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே ஊறியிருந்தாலும் மந்தமான சத்தம்தான், மேல் பலகை ஃபைபரை விட்டு எழும்பியிருந்தாலும் ஏறக்குறைய அதே சத்தம்தான். ஈரமானியையும் தேக்கின் மேல் வைத்து நம்ப முடியாது. மரத்தின் ஈரத்தையே காட்டித் தொலைக்கும்.

அதனால் அறைக்குள் இறங்கி, கூரைத் தட்டியைக் கழற்றச் சொல்வேன். விற்பவர் முகம் சுருங்குவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். பழுப்புக் கறை தெரிந்தால், அவர் சம்மதத்தோடு உள்பக்க ஃபைபரில் மட்டும் சிறு துளை போட்டுப் பார்ப்பேன். துருவல் வெளிறி உலர்ந்து வந்தால் நிம்மதி. கறுத்து ஈரமாக வந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

புதுத் தேக்கு போடுவதும் இப்போது லேசான காரியமில்லை. தேக்கு விற்கும் மியான்மரின் அரசு மர நிறுவனத்தின் மேல் 2021இல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை விதித்தன. கேட்பவர்களிடம், தேக்கைப் பெயர்த்துவிட்டு, ஊறியதை மாற்றி, துளைகளை எபாக்சிப் பிசினால் அடைத்து, வழுக்காத வெளிர்நிறப் பெயின்ட் அடிக்கச் சொல்கிறேன். அழகு கொஞ்சம் குறையும்தான். ஆனால் மத்தியான வெயிலில் வெறுங்காலோடு நடக்கலாம்.