வேளாங்கண்ணிக்கு நன்றி சொல்லப் போகிறவர்களுக்கு

வேளாங்கண்ணி நடுத்திட்டில் மோர் விற்ற கால் ஊனமுற்ற சிறுவனின் கதையைக் கேட்காதவர் டெல்டாவில் குறைவு. குழந்தையோடு வந்த தாய்க்கு, அதாவது மரியா மாதாவுக்கு, மோர் கொடுத்தான். நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவரிடம் போய்த் தன் செய்தியைச் சொல்லும்படி அந்தத் தாய் கேட்டார். எழுந்தபோதுதான் கால் குணமானது அவனுக்கே தெரிந்தது, ஓடினான். சுகம் கிடைத்ததும் வாய் திறந்து சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தத் தலத்தின் மரபு.

அவன் ஓடிய வழியில்தான் நாகையிலிருந்து நாமும் நடக்கிறோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம். விடியுமுன் புறப்படுங்கள். பத்து மணிக்குமேல் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கொப்பளிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்வு குறைந்திருப்பதால் கொப்புளம் வந்ததே தெரியாமல் புண்ணாகிவிடும். அவர்கள் செருப்போடு நடக்கட்டும், மாதா குறை சொல்லமாட்டார். இருட்டில் எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக ஒற்றை வரிசையில் போங்கள். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து கையில் வைத்திருங்கள்.

திங்கள், சனிக்கிழமைகளில் ஜெபமாலையில் மகிழ்ச்சி மறையுண்மைகள் வரும், அதாவது இயேசு, மரியா வாழ்வின் மகிழ்ச்சியான நிகழ்வுகளைத் தியானிப்போம். நன்றி நடைக்கு அந்த நாட்களே பொருத்தம். இரண்டாம் மறையுண்மையில் மரியா தன் உறவினர் எலிசபெத்தை அவர் வீட்டில் சந்திக்கிறார். "ஆண்டவரை எனது உள்ளம் போற்றிப் பெருமைப்படுத்துகின்றது" என்று பாடியது அந்த வீட்டில்தான். அதை முணுமுணுக்காமல் உரக்கவே சொல்லுங்கள், வழியில் டீக்கடையில் நிற்பவர் காதிலும் விழட்டும்.

பேராலயத்திலிருந்து மாதா குளம் போகும் மணற்பாதையில் முழங்காலில் போவதாக நேர்ந்துகொண்டவர்கள், காலையிலோ வெயில் தாழ்ந்தோ போகட்டும். முட்டியில் வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொண்டால் தோல் உரியாது.

புயலில் தப்பிய போர்த்துகீசிய மாலுமிகள் நன்றியாக இங்கே ஆலயம் கட்டியதாக மரபு. பின்னர் அவர்கள் கொண்டுவந்த பீங்கான் தட்டுகள் பீடத்தில் பதிந்திருக்கின்றன. அவசரமாக வணங்கிவிட்டுத் திரும்பாமல் அவற்றையும் பாருங்கள். காணிக்கைப் பொருட்காட்சியகத்துக்கும் கட்டாயம் போங்கள். கண், கை, கால், இதயம் என்று வெள்ளியில் செய்த உருவங்கள் கண்ணாடிக்குப் பின்னால் நெருக்கமாக இருக்கும். ஒவ்வொன்றும் யாரோ ஒருவரின் சாட்சி.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை கூட்டத்தில் நின்று நன்றி சொல்லவே இடமிருக்காது. சாதாரண வார நாள் நல்லது. திருப்பலிக் கருத்து, அதாவது பூசையில் வாசிக்க வேண்டிய குறிப்பு, எழுதித் தரும்போது பலரும் 'குடும்ப நன்மைக்காக' என்றே எழுதுகிறார்கள். அதை மறுபடி ஒரு விண்ணப்பமாகத்தான் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 'அம்மாவின் அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்ததற்கு நன்றி' என்று நடந்ததைச் சொல்லி எழுதுங்கள். அதே நோய்க்காக வேண்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பவருக்கு, வாசிக்கும்போது அந்த ஒரு வரி தெம்பு தரும்.