கைக்குத் தெரிந்த சுவிட்ச்

ஊர் சுற்றுவதில் எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பார்க்க வேண்டியதையெல்லாம் அவசர அவசரமாகப் பார்த்துவிட்டு, அப்புறம் அதே ஊரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்துச் சும்மா தங்கிவிடுவேன். கூட வருகிறவர்களுக்கு இது சுத்தமாகப் பிடிப்பதில்லை. எனக்கோ அந்தச் சும்மா இருக்கும் நாட்களுக்காகத்தான் பயணமே. முன்பின் தெரியாத ஓர் இடம் எந்தக் கட்டத்தில் நம்ம இடமாக மாறுகிறது என்பதை அப்போதுதான் கிட்டத்தில் இருந்து பார்க்க முடிகிறது.

முதல் இரவு எங்கே போனாலும் ஒரே மாதிரிதான். உடம்பு அசந்து கிடக்கும், தூக்கம் மட்டும் அரைகுறை. மாடியில் யாரோ நாற்காலியை இழுத்தால் கண் திறந்துகொள்ளும். காலையில் எழுந்து மெத்தையைத் திட்டுவோம். மெத்தை பாவம். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து 2016இல் எழுதினார்கள். புது இடத்தில் முதல் இரவு, மூளையின் இடது பாதி வலது பாதியளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லையாம். வித்தியாசமான சத்தம் கேட்டால் அந்தப் பக்கம்தான் சட்டென்று விழித்துக்கொள்கிறது. அதே ஆட்கள் இன்னொரு நாள் அங்கேயே வந்து படுத்தபோது இந்த வேறுபாடு இல்லை. ஆக, முதல் ராத்திரி பாதி மூளையைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டுத்தான் படுக்கிறோம்.

காவல் விலகிய பிறகு உடம்பு அந்த இடத்தைப் படிக்க ஆரம்பிக்கும். ஒருமுறை தங்கியிருந்த வீட்டில், மாடியறைக் கதவின் தாழ்ப்பாள் லேசில் விழாது. கதவை முழங்காலால் அழுத்திப் பிடித்து, கைப்பிடியைக் கொஞ்சம் தூக்கினால்தான் ‘டக்’கென்று உட்காரும். வீட்டுக்காரர் செய்து காட்டியபோது ரொம்ப எளிதாகத் தெரிந்தது. எனக்குத் தினமும் மல்லுக்கட்டுதான். ஒரு நாள் இருட்டியபின் போனில் பேசிக்கொண்டே மேலே ஏறி, உள்ளே போய், விளக்கைப் போட்டு, உட்கார்ந்து, பேச்சையும் முடித்தபிறகு சந்தேகம் வந்தது: தாழ்ப்பாள் போட்டேனா? எழுந்து போய்ப் பார்த்தால் ஒழுங்காகப் போட்டிருக்கிறது. முழங்காலும் கையும் என்னைக் கேட்காமலே வேலையை முடித்துவிட்டிருந்தன. சுவிட்சையும் நான் தேடவில்லை. அந்த அறைக்கு நான் குடிவந்தது அன்றைக்குத்தான் என்பேன்.

இடங்களை அடையாளம் வைத்துக்கொள்ள மூளைக்குள் ஓர் ஏற்பாடே இருக்கிறது. எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் அதன் ஹிப்போகாம்பஸ் பகுதியில் சில செல்கள் துடிப்பதை 1971இல் ஜான் ஓ’கீஃபும் ஜோனதன் டோஸ்ட்ரோவ்ஸ்கியும் கண்டறிந்தார்கள். இப்படி இடத்துக்கு இடம் வெவ்வேறு செல்கள் துடிப்பதுதான் மூளைக்குள் அந்த அறையின் வரைபடம் மாதிரி. எலியை வேறு அறைக்கு மாற்றினால் அங்கே வேறு வரைபடம் உருவாகிறது. இந்த வகை ஆராய்ச்சிக்காக ஓ’கீஃபுக்கும் நார்வே ஆய்வாளர்களான மோசர் தம்பதிக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. சரி, வரைபடம் வந்துவிட்டால் போதுமா? போதாது. அடிக்கடி வண்டி மாறும் ஒரு ரயில் நிலையம் எனக்கு மூலைமுடுக்கு விடாமல் அத்துப்படி. அதை என் இடம் என்று சொல்லத் தோன்றியதே இல்லை.

மிச்சம் இருப்பது என்ன என்று யோசித்தால், அந்த இடம் நம்மிடம் ஏதாவது வேலை வாங்க வேண்டும் என்றுதான் படுகிறது. விடுதியில் குழாய் சொட்டினால் புகார் சொல்வோம். நம்ம இடத்தில் சொட்டினால் கீழே வாளியை வைத்துவிட்டு, மறுநாள் வாஷரைத் தேடிப் போவோம். தெருவும் அப்படித்தான். யாரோ ஒருவர் வழி கேட்கிறார். “நேரா போங்க, ஆனா இடது சந்துல நுழையாதீங்க, நேத்துதான் பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க” என்று வாய் தானாகச் சொல்கிறது. நேற்றைய பள்ளத்தை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லாது. அங்கே இருக்கிறவருக்குத்தான் தெரியும். பக்கத்து வீட்டார் “ரெண்டு நாளா ஆளையே காணோமே” என்று கேட்டுவிட்டால் இன்னும் விசேஷம். நாம் இல்லாதது ஒருவர் கண்ணில் படுகிறதே!

இதெல்லாம் இல்லாமல் போனால் உடம்பையே படுத்திவிடும் என்று ஒரு காலத்தில் வைத்தியர்கள் நம்பினார்கள். 1688இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவ மாணவர் யோஹானஸ் ஹோஃபர், ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதி வைத்தார். அவர் சொல்லும் நோயாளிகளில் ஒருவர், பெர்ன் நகரத்திலிருந்து பாசலுக்குப் படிக்க வந்த இளைஞர். பிழைக்க மாட்டார் என்ற நிலையில் ஊருக்கு அனுப்பினார்கள். வீடு போய்ச் சேரும் முன்பே, பாதி வழியிலேயே தெளிந்துவிட்டாராம். வண்டி அந்தப் பக்கம் திரும்பினாலே போதும் என்கிற அந்தச் சுகம் ஊர் சுற்றுகிற எல்லோருக்கும் தெரியும்.

மூக்கின் கதை வேறு. எந்த வாசனையும் கொஞ்ச நேரத்தில் அதற்குப் பழகிப்போகும். அதனால் நாம் தங்கும் அறையின் வாசம் நமக்குத் தெரிவதே இல்லை. சில நாள் வெளியே போய்விட்டு வந்து கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுகிறதே, அதுதான் அது.

ஒரு மலையோரத்தில் எனக்குக் கிடைத்த அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜன்னலைத் திறந்தால் பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும். படுக்கையை மடிப்பதிலிருந்து விளக்கை ஏற்றுவது வரை எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. நான் துணியைக் காயப்போடப் போனால்கூட வாங்கிக்கொள்வார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் எவ்வளவு தங்கியும் அங்கே விருந்தாளியாகத்தான் இருந்தேன். அதற்கப்புறம் எங்கே அறை பார்க்கப் போனாலும், ஜன்னல் பக்கம் போவதற்கு முன்னால் துடைப்பம் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்கிறேன். சில வீட்டுக்காரர்கள் முறைக்கிறார்கள்.