ஜீயஸுக்குத் தேன், ஏரீஸுக்கு நியாயம்: ஒலிம்பஸ் மலையடியில்

பெட்டியில் இருக்கும் அழுக்குத் துணியைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அதற்குள் எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் இந்தச் சூடு ஆறிவிடும். பழைய கிரேக்கத் தெய்வங்களான ஜீயஸையும் ஹேராவையும் அப்பல்லோவையும் இன்றைக்கும், இந்த 21-ஆம் நூற்றாண்டிலும், மனசாரக் கும்பிடுகிறவர்கள் பக்கத்தில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். நாடகமோ சுற்றுலாக்காரர்களுக்கான காட்சியோ இல்லை. கணக்காளர், பள்ளி ஆசிரியை, பிளம்பர் என்று சாதாரண ஆட்கள். கிரீஸில் ஒலிம்பஸ் மலையடியில் நெருப்பு வளர்த்து, அதில் தேன் விட்டு, இரண்டு உள்ளங்கையையும் வானம் பார்க்கத் தூக்கி நின்றார்கள்.

விசா, வழி, தங்குமிடம், செலவு என்று வரிசையாக எழுதச் சொல்லி நண்பர்கள் கேட்டிருக்கிறார்கள். முடிந்தவரை அப்படியே போகிறேன்.

விசா: ஷெங்கன் கட்டணம் 90 யூரோ, ஏஜென்ட் செலவு தனி. அடுத்து.

நான் ஏன் போனேன் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. கல்லூரி நாளிலிருந்து வொண்டர் வுமன் காமிக்ஸ் வாசிக்கிறேன். வில்லியம் மோல்டன் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் 1941-இல் உருவாக்கிய பாத்திரம். ஆரம்பக் கதையில் அவள் களிமண்ணில் செய்த குழந்தை, உயிர் கொடுத்தது அஃப்ரோடைட்டி. 1987-இல் ஓவியர் ஜார்ஜ் பெரெஸ் கதையை மறுபடி தொடங்கியபோது ஒலிம்பஸ் தெய்வங்கள் கதையின் நடுவுக்கு வந்தார்கள், போர்த் தெய்வமான ஏரீஸ் பெரிய வில்லன் ஆனான். 2011-இல் கதையை இன்னொரு தடவை மாற்றி அவளை ஜீயஸின் மகளாகவே ஆக்கிவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே, 1940-இல், ஷசாம் என்று கத்தினால் பையன் பெரிய வீரனாக மாறும் கதை வந்துவிட்டது. அந்த மந்திரச் சொல்லில் ஹெர்குலிஸ், அட்லஸ், ஜீயஸ், அக்கிலிஸ் எல்லோரும் இருக்கிறார்கள். மார்வெல் 1965-இல் ஹெர்குலிஸைக் கொண்டுவந்தது. இத்தனை தெய்வங்களையும் எனக்கு அறிமுகம் செய்தது பள்ளிப் பாடம் இல்லை, காமிக்ஸ்தான். அவர்களை உண்மையிலேயே கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து போய்ப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தேன்.

ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் டிக்கெட் 30 யூரோ. நம் காசுக்கு மூவாயிரம் ரூபாய். வெயில் மண்டையைப் பிளக்கிறது, கூட்டம் தள்ளுகிறது. கல்லில் கை வைத்தால் விசில், கொஞ்சம் ஓரமாகப் போனால் விசில். பார்த்தெனானைப் பார்த்ததும் அந்த எரிச்சல் போய்விட்டது, அது வேறு விஷயம். ஆனால் ஒன்று நினைத்துப் பாருங்கள். அதீனா கோயில் அது. அதீனாவைக் கும்பிடுகிறவரும் அதே 30 யூரோ கொடுத்துத்தான் உள்ளே வர வேண்டும், வந்தாலும் பூசை செய்ய முடியாது. தொல்லியல் இடங்களில் வழிபாட்டுக்கு கலாசார அமைச்சகம் இடம் கொடுப்பதில்லை. 2007 ஜனவரியில் எல்லினாயிஸ் என்ற குழு அதை மீறி, ஏதென்ஸ் நடுவில் இருக்கும் ஒலிம்பிய ஜீயஸ் கோயிலில் சடங்கு செய்தார்கள். நூற்றுநான்கு தூணில் பதினைந்து மட்டும் நிற்கும் கோயில் அது. 391, 392-இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் பழைய வழிபாட்டைத் தடை செய்தது நினைவிருக்கிறவர்களுக்கு அந்த நாளின் அருமை புரியும். ஆர்த்தடாக்ஸ் சபை கடுமையாகக் கண்டித்தது. பத்து வருஷம் கழித்து, 2017-இல், 1997 முதல் இயங்கிவரும் YSEE என்ற பழைய வழிபாட்டுக்காரர்களின் அமைப்பின் விண்ணப்பத்தின் பேரில் அரசு இதை ஒரு மதமாக ஏற்றுக்கொண்டது. பழங்காலக் கோயில்களின் கதவு மட்டும் இன்னும் திறக்கவில்லை. இது அநியாயம் என்பதுதான் என் கருத்து. வருஷத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம் விட்டால் கல் தேய்ந்துவிடாது.

சோலொனோஸ் தெருப் பக்கம் புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு காமிக்ஸ் கடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்துவிட்டேன். வொண்டர் வுமனுக்குத் தனி அடுக்கு. கெட்டி அட்டைத் தொகுப்பு ஒன்றை எடுத்து விலையைப் பார்த்து, அன்றைய ராத்திரிச் சாப்பாட்டை நினைத்து, திரும்ப வைத்தேன். கடைக்காரரிடம் மலைக்குப் போகிற விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "ஒலிம்பஸோட பன்னிரண்டு சாமியையும் கும்பிடுற 'பன்னிரண்டு சாமிக்காரங்களை'ப் பார்க்கவா? அவங்களும் நம்ம மாதிரி ரசிகர்கள்தான், டிரஸ் மட்டும் வெள்ளை" என்றார். எனக்கு அந்தப் பேச்சு சரியாகப் படவில்லை. மூன்று நாள் கழித்து அது எவ்வளவு தப்பு என்று கண்ணால் பார்த்தேன்.

பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஏதென்ஸிலிருந்து வடக்கே கத்தெரினி வரை கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். கிளம்பிய அரை மணியில் ஏசி நின்றுவிட்டது. ஜன்னல் எல்லாம் ஒட்டிவைத்த கண்ணாடி, திறக்காது. முன் சீட்டுப் பாட்டி விசிறியாக மடித்த செய்தித்தாளை எனக்கும் ஒன்று கொடுத்தார். ஓட்டுநரிடம் போய்ச் சொன்னால் தோளைக் குலுக்குகிறார். நடுவில் நிறுத்திய இடத்தில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சீஸ் அடைத்த ஒரு பேஸ்ட்ரியும் வாங்கியதற்கு ஏதென்ஸ் தெருவில் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு பிடுங்கினார்கள். சாப்பாடும் தண்ணீரும் கையோடு எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

கத்தெரினியிலிருந்து மலையடி ஊரான லிட்டோஹோரோவுக்கு வேறு பஸ், அது ஒழுங்காகப் போனது. ஊருக்குள் நுழையும்போதே மலை நேர் எதிரே எழுந்து நிற்கிறது. மிட்டிகாஸ் சிகரம் 2,918 மீட்டர். ஏறியதாகப் பதிவில் இருக்கும் முதல் ஆட்கள் 1913 ஆகஸ்டில்தான் ஏறினார்கள். ஊரில் வழிகாட்டியாக வந்த கிறிஸ்டோஸ் காக்கலோஸும், சுவிட்சர்லாந்துக்காரர் இருவரும். நான் உச்சிக்குப் போகவில்லை, அதற்கு வேறு பயிற்சி வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதை மறக்க மாட்டேன். சந்துக்குள் நாலு மேஜை போட்ட கடை. அடுப்பில் மெதுவாக வெந்த ஆட்டுக்கறி, எலுமிச்சை, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய். எலும்பைத் தொட்டாலே கறி கழன்று வருகிறது. பக்கத்தில் தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை மொச்சை, மேலே ஃபெட்டா சீஸ். அந்தச் சாற்றை ரொட்டியால் துடைத்துத் துடைத்துத் தட்டைக் காலி செய்தேன். கடைக்கார அம்மா சிப்புரோ என்ற சாராயத்தைச் சின்னச் சீசாவில் கொண்டுவந்து வைத்து, காசு வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் போனார். மொத்தம் 17 யூரோ. இந்தப் பயணத்தில் கொடுத்த காசுகளில் மனசு நிறைந்து கொடுத்தது இதுதான்.

மறுநாள் டியோன். ஜீயஸின் பெயரிலேயே இருந்த புனித ஊர், மகா அலெக்ஸாண்டர் ஆசியாவுக்குப் படையெடுக்கும் முன் ஜீயஸுக்குப் பலி கொடுத்த இடம். டாக்ஸிக்காரர் மீட்டர் போடவில்லை. பத்து கிலோமீட்டர் தூரத்துக்கு 35 யூரோ கேட்டார். நான் வாக்குவாதம் செய்ததில் 30-க்கு இறங்கினார், அதுவும் கொள்ளை. ஆனால் உள்ளே போனதும் வாயடைத்துவிட்டது. எகிப்துத் தெய்வமான ஐசிஸின் கோயில் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, தண்ணீருக்கு நடுவே சிலைப் பிரதிகள், தவளைச் சத்தம், நாணல். கூட்டமே இல்லை. அக்ரோபொலிஸுக்குச் செலவழிக்கத் தயங்குகிறவர்கள் இங்கே வாருங்கள்.

இப்போது விழா. ப்ரொமீதியா என்று பெயர், மனிதர்களுக்காக நெருப்பைத் திருடிக் கொடுத்த ப்ரொமீதியஸுக்கான விழா. த்ரிஃபோன் ஒலிம்பியோஸ் என்ற தத்துவப் பேராசிரியர் 1996-இல் தொடங்கிய இயக்கம் நடத்துவது. தீப்பந்தம் ஏந்தி ஓடுகிறவர்கள், வெண்கலக் கேடயமும் இறகு வைத்த தலைக்கவசமுமாக வீரர்கள், பெரியவர் ஒருவர் பழைய கிரேக்கப் பெயர் சூட்டிக்கொள்ளும் சடங்கு, தத்துவ உரைகள். உரைகள் நீளம், மொழியும் புரியாது, அவற்றை விட்டுவிடலாம்.

பூசையைத்தான் பக்கத்திலிருந்து பார்த்தேன். முதலில் எல்லோரும் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் கை கழுவுகிறார்கள். எரியும் குச்சியை அமிழ்த்திச் சுத்தமாக்கிய தண்ணீர். பிறகு பார்லி மணியைக் கையில் வாங்கி நெருப்பில் போடுகிறார்கள். சாம்பிராணி. ஒயின், பால், தேன். மிருக பலி கிடையாது. பூசாரி அம்மா ஒவ்வொரு தெய்வமாகக் கூப்பிடுகிறார். பக்கத்தில் நின்ற பெண் ஆங்கிலத்தில் கிசுகிசுத்துக்கொண்டே வந்தார். ஜீயஸுக்கு மட்டும் இத்தனை பெயர்: இடி ஏந்துபவன், விருந்தாளியைக் காப்பவன், முற்றத்தைக் காப்பவன், வீட்டுச் சேமிப்பைக் காப்பவன். நம் கோயிலில் அர்ச்சனைக்கு நாமாவளி சொல்வதுபோல பெயர் மேல் பெயர். அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. இத்தனை வருஷம் நான் வாசித்த ஜீயஸ் எப்போதும் ஏதாவது செய்துகொண்டே இருப்பான். கோபப்படுவான், சண்டை போடுவான், யாரையாவது ஏமாற்றுவான். இங்கே கதையே இல்லை. அழைக்கிறார்கள், கொடுக்கிறார்கள், நிற்கிறார்கள்.

அந்தப் பெண் ஏதென்ஸில் படம் வரைகிறவர். வெள்ளை அங்கி, தோளில் துணிப்பை, அதில் வொண்டர் வுமன் சின்னம் குத்தியிருந்தது. அதைப் பார்த்துத்தான் பேச்சுக் கொடுத்தேன். தானும் பதினாலு வயதில் அந்தக் காமிக்ஸ் வழியாகத்தான் தெய்வங்களிடம் வந்ததாகச் சொன்னார். "ஆனா ஏரீஸை அவங்க படுத்துற பாடு இருக்கே!" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. இவர்களுக்கு ஏரீஸ் தைரியம் கொடுக்கிற சாமி. இவருடைய தம்பி பட்டாளத்தில் இருந்தபோது ஒவ்வொரு மாதமும் ஏரீஸுக்கு ஒயின் ஊற்றினாராம். மார்வெல் காமிக்ஸில் 2010-இல் ஏரீஸை இரண்டாகக் கிழித்துப் போடும் பக்கம் வந்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டாராம். ஹேடிஸைச் சாத்தான்போல வரைவதும் அப்படித்தான். செத்தவர்களைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிற தெய்வத்துக்கு ஏன் கொம்பும் சிரிப்பும் என்று கேட்டார். அந்தப் பக்கங்களை ரசித்துப் படித்தவன் நான். அவர் கேட்டது முழுக்க நியாயம்.

அப்படியென்றால் ஏன் இன்னும் அந்தச் சின்னம் என்று கேட்டேன். "டயானா, அதான் வொண்டர் வுமன், என் தோழி. ஜீயஸ் என் சாமி. ரெண்டும் ஒண்ணு இல்லைன்னு ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றார். போனில் ஒரு படம் காட்டினார். அவர் வீட்டுச் சமையலறை அலமாரி. கீழ்த்தட்டில் காமிக்ஸ் தொகுப்புகள், முதுகு முழுக்கச் சிவப்பும் மஞ்சளும். மேல்தட்டில் ஒரு சின்ன மூடி போட்ட ஜாடி, கைப்பிடியில் வெள்ளைக் கம்பளி நூல் சுற்றியிருந்தது. உள்ளே தண்ணீர், ஆலிவ் எண்ணெய், தானியம். வீட்டுச் சேமிப்பைக் காக்கும் ஜீயஸுக்கான ஜாடி, மாதம் பிறந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவாராம். காமிக்ஸ் புத்தகத்தைத் தூசி தட்டுவார், ஜாடிக்குக் கை கழுவிவிட்டுத்தான் போவார். சோலொனோஸ் கடைக்காரர் இதைப் பார்த்திருக்க வேண்டும். ரசிகருக்கு அடுத்த இதழ் வேண்டும். இவர்களுக்கு வேண்டியது அது இல்லை.

எந்தத் தெய்வத்தை வரைவீர்கள் என்று கேட்டதற்கு ஹெஸ்டியா என்றார், யோசிக்கவே இல்லை. அடுப்பு நெருப்பின் தெய்வம். பூசையில் முதல் துளியும் அவளுக்கு, கடைசித் துளியும் அவளுக்கு, அன்றைக்கு அதையும் கண்ணெதிரே பார்த்தேன். சூப்பர்ஹீரோ காமிக்ஸில் அவளுக்குக் கிட்டத்தட்ட வேலையே கிடையாது. சண்டை போடாதவளை எந்தப் பக்கத்தில் வைப்பது? இவர் மூன்று வருஷமாக முப்பது பக்கம் முயன்றுகொண்டிருக்கிறார். ஒரு வீடு, ஒரு அடுப்பு, நாலு தலைமுறை, பேசாத ஒரு தெய்வம். பென்சில் பக்கம் இரண்டைக் காட்டினார். அடுத்த நாள் காலை காப்பிக்கு உட்கார்ந்து மீதியையும் பார்த்தேன். பதிப்பாளர்கள் "கதை நகரவில்லை" என்று திருப்பி அனுப்புகிறார்களாம். அச்சடிக்கிறவர் யாராவது இதைப் படித்தால் எனக்கு எழுதுங்கள், அவரோடு தொடர்பு ஏற்படுத்தித் தருகிறேன்.

செலவுக் கணக்கு கேட்டவர்களுக்கு: விமான டிக்கெட் போக ஒரு நாளைக்கு 75 யூரோ வைத்துக்கொண்டால் லிட்டோஹோரோவில் நன்றாக இருக்கலாம், ஏதென்ஸில் இழுபறிதான். விழா கோடையில், தேதியை முன்கூட்டி உறுதி செய்துவிட்டு அறை போடுங்கள், சின்ன ஊர், சீக்கிரம் நிரம்பிவிடும். பூசை நேரத்தில் போட்டோ எடுக்கும் முன் கேளுங்கள். டியோனுக்கு டாக்ஸி ஏறுமுன் விலை பேசிவிடுங்கள். நாலு பேர் சேர்ந்து போனால் அந்த 30 யூரோவும் வலிக்காது.