பத்து செகண்ட் பஞ்சாயத்து

நேற்று ராத்திரி ஒன்பதரைக்குக் கரண்ட் போனது. பாயும் விசிறியுமாக எல்லோரும் மொட்டை மாடி ஏறினோம். தெருவே கும்மிருட்டு. மெரினா கலங்கரை விளக்கம் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. வினை அங்கேதான் ஆரம்பம்.

"எட்டு செகண்டுக்கு ஒருதரம் அடிக்குது" என்றார் அப்பா. சும்மாதான் சொன்னார். ஆனால் பக்கத்தில் மாமா உட்கார்ந்திருந்தாரே! அப்பா "இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றால்கூட காலண்டரைப் பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதவர். "பத்து" என்றார்.

அப்புறம் என்ன, இரண்டு பேரும் எண்ண ஆரம்பித்தார்கள். அடுத்தடுத்து இரண்டு வெளிச்சம், பிறகு ஒரு நீண்ட இருட்டு. மாமா முதல் வெளிச்சத்திலிருந்து எண்ணுகிறார், அப்பா இரண்டாவது போனதும் எண்ணுகிறார். எப்படி ஒத்துப்போகும்? என் மகள் செல்போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் "பத்து" என்றாள். அப்பா போன் சரியில்லை என்றுவிட்டார்.

ஜெயித்த மாமாவை நிறுத்த முடியுமா? விளக்கு அணைந்து அணைந்து எரிவதில்லையாம், அது பாட்டுக்கு எரியுமாம், சுற்றி வரும் லென்ஸ் நம் பக்கம் திரும்பும்போதுதான் நமக்கு வெளிச்சமாம். ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் ஒரு தனித் தாளம் உண்டாம், அதை வைத்துத்தான் மாலுமிக்கு எந்த ஊர்க் கரை என்று தெரியுமாம். "எல்லாம் அந்த லென்ஸைக் கண்டுபிடிச்ச பிரெஸ்னெல் புண்ணியம். 1822!" என்றார். "ஃபிரெனெல், தாத்தா. எஸ் சைலண்ட்" என்றாள் மகள். மாமாவும் கொஞ்ச நேரம் சைலண்ட்.

அந்த இடைவெளியில் அப்பா புகுந்தார். அவருக்குத் தெரிந்தது சரித்திரம். 1796இல் கோட்டைக்குள் எண்ணெய் விளக்கு, 1844இல் இப்போதைய ஹைகோர்ட் வளாகத்தில் தனித் தூண், 1894இல் அந்த ஹைகோர்ட்டின் கோபுரத்து உச்சி, 1977இல் மெரினா. நூற்று எண்பது வருஷத்தில் மூன்றே முறைதான் ஜாகை மாறியிருக்கிறது. என்ன கொடுத்துவைத்த விளக்கு! நாங்கள் பதினோரு வருஷத்தில் ஐந்து வீடு.

"அதுல நான் படியேறிப் போயிருக்கேன்" என்றார் மாமா. "அதுல லிஃப்ட் இருக்குடா" என்றார் அப்பா. ஒன்றுக்கு ஒன்று.

கொடியில் மறந்துபோன துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்த அம்மா தலைகூட நிமிரவில்லை. "ரெண்டு வெளிச்சம், பத்து செகண்ட். இதுக்கு இவ்வளவு சண்டையா? நான் எண்ணாத எண்ணா?"

"நீ எதுக்கு எண்ணினே?" என்றார் அப்பா.

"நீங்க செகண்ட் ஷிஃப்ட் போற நாள்ல, பஸ் வர்ற நேரத்துக்கு இங்க வந்து நிப்பேன். இவன் தோள்ல தூங்கிட்டிருப்பான். மணி பார்க்கக் கீழே இறங்கினா முழிச்சுப்பான். அதனால இதைத்தான் எண்ணிட்டிருப்பேன். முன்னூத்தம்பது, நானூறு சுத்துல தெருமுனையில உங்க தலை தெரியும்."

யாரும் பேசவில்லை. அப்பா கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அம்மா ஒரு தலையணை உறையை எடுத்து, நான்கு மூலையும் சேர்கிறதா என்று பார்த்துப் பார்த்து மடித்தாள்.

மாமா மட்டும் விரல்களை மடக்கிக்கொண்டிருந்தார். "நானூறு சுத்துன்னா நாலாயிரம் செகண்ட். ஒரு மணி நேரத்துக்கு மேல வருதே, அத்தான்! பஸ் பத்து நிமிஷம் லேட்டுன்னுதானே சொல்லுவீங்க? அதுக்கு அறுபது சுத்துதான் ஆகும். மீதி எங்க?"

அம்மா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"சரி சரி, கரண்ட் வந்தாச்சு, படுக்கலாம்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு அப்பா இறங்கினார். முட்டிவலிக்காரர், அத்தனை வேகமாகப் படி இறங்கி நான் பார்த்ததில்லை.

எட்டிப் பார்த்தேன். தெருவில் ஒரு விளக்குகூட எரியவில்லை.