தலவாக்கலை குளிருல உப்புத்தண்ணி டேங்க்: அடுத்த மீன் எடுத்த கதை

டேங்க் வச்சி 7 மாசம் ஆச்சி. 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், கல்லு மணல் போக 160 லீட்டர் தண்ணி நிக்கிது. மீன் கழிவுல வர்ற வெஷமான அமோனியா, நைட்ரைட் ரெண்டும் பூச்சியம், உப்பு அடர்த்தி 1.025ல (நல்ல தண்ணி 1.000) அசையாம இருக்கு. உள்ள ஒரு ஜோடி நீமோவும் கொஞ்சம் நத்தையும் மட்டுந்தான். இனி மீன் சேர்க்கலாம்னு போன மாசம் பூரா யோசிச்சதயும் செஞ்சதயும் எழுதுறேன், மலைநாட்டுல இத வளர்க்க நெனைக்கிற யாருக்காவது ஒதவும்.

கொழும்பு பக்கம் தண்ணி சூடாகுறதுதான் பிரச்சினை, ஃபேன் வைக்கிறாங்க, சில்லர் வாங்குறாங்க. இங்க நேர் மாத்தம். ஜனவரி விடியக்காலைல எங்க முன்காம்பராவுல 15 டிகிரி, டேங்க் 26ல நிக்கணும். 300 வாட் ஹீட்டர் ஒண்ணு போடாம 150 வாட் ரெண்டு போட்டிருக்கேன், ஒண்ணு செத்தாலும் மத்தது தாங்கும், ஒண்ணு அணையாம எரிஞ்சாலும் மீன் வெந்து போகாது. மழ காலத்துல வயர்ல மரம் விழுந்து கரண்ட் போனா 4 மணித்தியாலத்துல தண்ணி 23க்கு எறங்கிருது, நானே தெர்மாமீட்டர் பாத்து எழுதி வச்ச கணக்கு இது. கம்பளி சுத்தி, பேட்டரில ஓடுற காத்து பம்ப போட்டு வைப்பேன். அதனால எனக்கு அழகு ரெண்டாவதுதான், இந்த ஏத்த எறக்கத்த தாங்குமாங்கிறதத்தான் மொதல்ல பாப்பேன்.

தண்ணி விஷயமும் ஒண்ணு சொல்லிர்றேன். எங்க பீலித்தண்ணி குடிக்க அவ்வளவு ருசியா இருக்கும், ஆனா டெஸ்ட் கிட்ல போட்டா நைட்ரேட் கலர் ஏறுது, மேல தேயில மலைக்கி போடுற ஒரம் மழைல எறங்கி வருதுன்னு நெனைக்கிறேன். ஆர்ஓ ஃபில்டர்ல எடுத்துத்தான் உப்பு கலக்குறேன்.

மூணாவது மாசம் ஒரு தப்பு நடந்திச்சி, இன்னும் மனசுல கெடக்கு. ஒரு கடைல மெலன் பட்டர்ஃப்ளை ஒண்ணு காட்டி எல்லாம் சாப்பிடும் அக்கான்னு சொன்னாங்க, மஞ்சள் ஒடம்புல நீலக் கோடு கோடா, கண்ண எடுக்க முடியல, வாங்கிட்டேன். அது உயிருள்ள பவளத்த மட்டுமே கொத்தித் திங்கிற மீன்னு பொறகுதான் படிச்சேன். ஆர்ட்டீமியாங்கிற பொடி எறால் மாதிரி தீனி போட்டேன், எறால அரைச்சி போட்டேன், மூக்குக்கிட்ட வந்தா திரும்பிக்கும். தலைக்கி பின்னாடி முதுகு ஒட்டிப்போயி கத்தி மாதிரி ஆயி 12ம் நாள் செத்திருச்சி. 1998ல கடல் சூடாகி ஹிக்கடுவை பவளமெல்லாம் வெளுத்துச்சே, அப்ப இந்த மாதிரி மீனுங்க எத திண்ணிருக்கும்னு அன்னிக்கி ராத்திரி நெனைச்சிக்கிட்டே இருந்தேன். இப்ப எந்தக் கடைக்கி போனாலும் என் கண்ணு முன்னாடி தீனி போட்டு அது திங்கிறத பாக்காம காசு எடுக்கிறதில்ல.

மக பவுடர் புளூ கேட்டா. நம்ம கடல்லயே இருக்கிற மீன், அந்த நீலம் எனக்கும் புடிக்கும். ஆனா அது 20 சென்டிமீட்டருக்கு மேல வளரும், நாள் பூரா நீந்திக்கிட்டே இருக்கும், 6 அடி டேங்காவது வேணும், வெள்ளப்புள்ளி நோவும் சட்டுனு புடிச்சிரும். எங்க டேங்க்ல விட்டா செறைல போட்ட மாதிரிதான். டாம்செல் வெல கொறவு, எதயும் தாங்கும், ஆனா மொதல்ல விட்டுட்டா முழு டேங்கும் தனக்குன்னு நெனைச்சி பின்னாடி வர்றதையெல்லாம் வெரட்டும், வேண்டாம்னுட்டேன். மேண்டரின் சின்னச் சின்ன பூச்சி தின்னே வாழ்ற மீன், 7 மாசக் கல்லுல அதுக்கு தீனி பத்தாது.

கடைசில ஃபயர்ஃபிஷ் ஒண்ணு, லோன்மோவர் பிளெனி ஒண்ணு. பிளெனி எடுத்தது கல்லுல படர்ற பாசிக்காக, பத்தாட்டி நோரி தாள் (காஞ்ச கடல்பாசி) கட்டி விடலாம். நீமோ ஜோடி சண்டக்காரங்க இல்ல. அதுங்கள எடுக்கும்போதே ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா பாத்து எடுத்தேன், எல்லாமே ஆணா பொறந்து அதுல பெருசுதான் பொண்ணா மாறும், ஒரே அளவுல எடுத்தா யாரு பெருசுங்கிற சண்ட வரும்.

நீர்கொழும்புல இருந்து பஸ்ல வீடு வர 7 மணித்தியாலம். கித்துள்கலை வரைக்கும் வேர்க்குது, கினிகத்தேனை ஏறினா ஜன்னல மூட வேண்டியிருக்கு. பேக்க ரெஜிபோம் பெட்டில வச்சி, பக்கத்துல சுடுதண்ணி போத்தல பேப்பர்ல சுத்தி வச்சி, மடிலயே வச்சிக்கிட்டு வந்தேன். மொத நாளே கடைக்கி கோல் எடுத்து, "தம்பி, ஒங்க தண்ணில உப்பு எவ்வளவு?"ன்னு கேட்டேன், 1.021ன்னு சொன்னாரு, தனியா வச்சிருக்கிற 40 லீட்டர் பெட்டிய அதே 1.021ல கலக்கி வச்சிட்டேன். இது ஏன்னா, நீண்ட பயணத்துல மீன் விடுற மூச்சுல பேக் தண்ணியோட பிஎச் எறங்கிரும், அப்படி எறங்கி இருக்கிற வரைக்கும் பேக்ல சேர்ற அமோனியா அவ்வளவா கடிக்காது, பேக்க தொறந்து காத்து பட்டதும் பிஎச் ஏறி அமோனியா வெஷமாயிரும். தொறந்து வச்சி சொட்டு சொட்டா தண்ணி விட்டுக்கிட்டு இருந்தா அந்த வெஷத்துலயே மீன் கெடக்கும். பேக்க மூடினபடியே மெதக்க விட்டு சூட்ட சமமாக்கி, தொறந்ததும் மீன கையால அள்ளி அந்த 40 லீட்டர் பெட்டிக்குள்ள விட்டேன், பேக் தண்ணிய ஊத்தல. ஒரு வாரத்துல உப்ப மெதுவா 1.025க்கு ஏத்தினேன்.

28 நாள் தனியா வச்சி வெள்ளப்புள்ளி வருதான்னு பாக்குறேன், இன்னிக்கி 11ம் நாள். பிளெனி ரெண்டாம் நாளே நோரிய கடிச்சிருச்சி. ஃபயர்ஃபிஷ் 5 நாள் பிவிசி குழாய விட்டு வெளிய வரல, நான் ரொம்ப பயந்துட்டேன். 6ம் நாள் காலைல லைட்ட போடாம தள்ளி நின்னு பாத்தேன், முதுகு மேல இருக்கிற அந்த நீளக் கம்பிய டக்கு டக்குனு தூக்கி எறக்கிக்கிட்டு பாதி ஒடம்பு வெளிய நின்னுச்சி, ஒரு ஆர்ட்டீமியா மெதந்து வந்ததும் லபக்குனு புடிச்சிட்டு உள்ள ஓடிருச்சி. நேத்து அது 9 ஆர்ட்டீமியா தின்னத எண்ணினேன். ரொம்ப துள்ற மீன்கிறதால பெரிய டேங்க் மேல போட ஜன்னல் வலைய சட்டத்துல அடிச்சி வச்சிருக்கேன், ஹீட்டர் வயர் போற மூலைல ஒரு விரல் அளவுக்கு இடுக்கு இருக்கு, அத இந்த வாரம் அடைச்சிரணும்.