ஆறு கோழி, இரண்டு பாத்தி: எட்டு மாதக் குறிப்புகள்

வீட்டுக்குப் பின்னால் கோழிக் கூடும் காய்கறித் தோட்டமும் வேண்டும் என்று மூன்று வருடமாகப் பேசிக்கொண்டே இருந்தோம். இந்த முறை பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு நோட்டும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். அந்த நோட்டில் அன்றன்று எழுதியதைப் புரட்டிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். இந்த எட்டு மாதத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது கூட்டின் தரையில் கிடக்கும் கூளம். அதைப் பற்றிச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன். ஆனால் கூட்டைக் கட்டாமல் கூளத்துக்கு வர முடியாது.

முதல் வேலை நிழல் பார்ப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணி, 11 மணி, 2 மணி, 5 மணி என்று நான்கு தடவை போய், நிழல் விழும் விளிம்பில் குச்சி நட்டு வைத்தேன். மாலையில் குச்சிகளைப் பார்த்தபோது இடம் தானாகவே பிரிந்திருந்தது. 6 மணி நேரத்துக்கு மேல் வெயில் விழும் பக்கம் பாத்திக்கு. பிற்பகலில் மரநிழல் வரும், மழைத் தண்ணீர் தேங்காத மேட்டுப் பக்கம் கூட்டுக்கு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதனால் நிழல் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

அப்புறம் கணக்கு. கோழி ஒன்றுக்குக் கூட்டுக்குள் 4 சதுர அடி என்றால் ஆறு கோழிக்கு 24. ஆகவே 6 அடி நீளம், 4 அடி அகலம். பகலில் நடமாட ஒன்றுக்கு 10 சதுர அடி வீதம் 60 சதுர அடியில் வலை அடித்த முற்றம். இரவில் உட்காரும் கட்டையில் ஒரு கோழிக்கு 8 அங்குலம் வேண்டும். ஆறெட்டு நாற்பத்தெட்டு, அதாவது சரியாக 4 அடி. கூட்டின் அகலத்துக்குக் குறுக்கே ஒரே ஒரு கட்டை போதும் என்று விடை வந்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. முட்டையிடும் பெட்டி நான்கைந்து கோழிக்கு ஒன்று போதும். நான் இரண்டு வைத்தேன், ஒவ்வொன்றும் நீள அகல உயரம் ஒரு அடி.

கட்டை, பெட்டி இரண்டில் கட்டைதான் உயரமாக இருக்க வேண்டும். இருட்டியதும் கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தைத் தேடும். பெட்டி உயரமாக இருந்துவிட்டால் அதற்குள்ளேயே தூங்கி அதிலேயே எச்சமிடும், முட்டை அந்த எச்சத்தின் மேல் விழும். பெட்டியை 1½ அடியிலும் கட்டையை 2½ அடியிலும் பொருத்தினேன். கட்டையின் விளிம்புகளை உப்புத்தாள் போட்டு உருட்டி வைத்தேன். கூரான விளிம்பில் தினமும் ஏறி இறங்கினால் பாதத்தில் புண் வரும்.

சட்டம் அடித்துத் தகரம் போட்டது இரண்டு வார இறுதிகளில் முடிந்த வேலை. வலையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறுகோணக் கண் உள்ள கோழி வலை கோழியை உள்ளே வைத்திருக்கும், அவ்வளவுதான். நாய் பல்லால் பற்றி இழுத்தால் பிரிந்துவிடும், எலி அந்தக் கண் வழியாகவே நுழையும். அதனால் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை போட்டேன். அதைச் சுவரோடு நிறுத்தாமல் கீழே மடக்கி, வெளிப்பக்கத் தரையில் 1½ அடி அகலத்துக்குப் பாவாடை மாதிரி விரித்து, மேலே மண் மூடினேன். தோண்டி நுழையப் பார்க்கும் பிராணி சுவர் ஓரத்தில்தான் நகத்தை வைக்கும். அங்கே கம்பி தட்டுப்பட்டதும், பின்னால் தள்ளிப் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. மூன்றாவது மாதம் ஒரு காலையில் அந்த மண்ணில் நகக் கீறல்கள் இருந்தன. கீறலுக்கு நடுவே வலைக் கம்பி பளிச்சென்று தெரிந்தது. உள்ளே ஆறும் பத்திரமாக இருந்தன. அந்தப் பாவாடைக்காக ஒரு முழு நாள் குனிந்து வேலை செய்திருந்தேன். அன்று காலை அந்த முதுகுவலிக்கெல்லாம் பலன் கிடைத்துவிட்டது.

வேலை தொடங்கிய நான்காவது வாரம், தடுப்பூசி போட்ட 8 வார வயதுக் குஞ்சுகள் வந்தன. முதல் ஐந்து நாள் முற்றத்துக்கே விடாமல் கூட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். இதுதான் வீடு என்று பழகிவிட்டால் பிறகு அந்தி சாய்ந்ததும் தானாக உள்ளே போய்விடும். அப்படித்தான் போயின. ஒருநாள் கூடத் துரத்திப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.

குஞ்சுகள் வந்த இரண்டாவது வாரத்தில் பிரச்சினை ஆரம்பித்தது. காலையில் கதவைத் திறந்து குனிந்தேன், கண் எரிந்தது. நின்றால் அவ்வளவு தெரியவில்லை. கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சிழுத்தால் மூக்கைக் குத்தியது. அமோனியா. குளிருமோ, மழை அடிக்குமோ என்ற கவலையில் மூன்று பக்கமும் பலகை அடித்து, ஒரே ஒரு சின்ன ஜன்னல் மட்டும் வைத்திருந்தேன். ஆறு கோழியின் மூச்சிலிருந்தும் எச்சத்திலிருந்தும் வரும் ஈரம் இரவு முழுக்க வெளியே போக வழியில்லை. கோழி எச்சத்தில் இருக்கும் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அது காய்ந்து கிடக்கும்வரை தொந்தரவில்லை. ஈரம் சேர்ந்தால் நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து அமோனியாவாக்கிவிடும். அந்தக் காற்றை இரவெல்லாம் சுவாசித்தால் கோழியின் மூச்சுக்குழாய் கெடும்.

அன்றே ரம்பத்தை எடுத்தேன். இரண்டு நீளப் பக்கங்களிலும் கூரைக்கு அடியில் 8 அங்குலப் பலகையை அறுத்து எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வலை அடித்தேன். கட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே அந்தத் திறப்பு இருப்பது முக்கியம். அப்போதுதான் ஈரக் காற்று மேலெழும்பி வெளியே போகும், வீசும் காற்று நேராகக் கோழி மேல் அடிக்காது.

காற்று பாதி வேலைதான் செய்தது. மீதி கூளத்தில் இருந்தது. 2 அங்குலத்துக்குத்தான் மரச் சீவல் போட்டிருந்தேன், அதுவும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றி நசநசவென்று கிடந்தது. பாத்திரத்தைக் கோழியின் முதுகு உயரத்துக்குத் தொங்கவிட்டேன், சிந்துவது நின்றது. ஈரமானதை அள்ளிவிட்டுச் சீவலும் காய்ந்த இலையுமாக 6 அங்குலத்துக்கு நிரப்பினேன். ஆழ்கூளம் என்று சொல்வது இதைத்தான். எச்சம் விழ விழக் கூளம் அதை உறிஞ்சிக்கொண்டு உள்ளேயே மெதுவாக மக்க ஆரம்பிக்கும். புரட்டிவிடுவது மட்டும் நம் வேலை. அதையும் கோழியிடமே விட்டுவிடலாம். மாலையில் ஒரு கைப்பிடி தானியத்தை வீசினால் ஆறும் சேர்ந்து சீய்த்துச் சீய்த்து அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்துவிடும்.

இப்போது வாரம் ஒருமுறை கூளத்தை ஒரு பிடி அள்ளி அழுத்திப் பார்க்கிறேன். விரலைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர வேண்டும். உருண்டையாக ஒட்டிக்கொண்டால் ஈரம் அதிகம், காய்ந்த இலை சேர்க்க வேண்டும். நல்ல கூளம் மழைக்காட்டின் மண் மாதிரி மணக்கும். கோழி வளர்க்கும் இடம் நாறத்தான் செய்யும் என்று இனிமேல் யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதே சமயத்தில் பாத்தி வேலையும் நடந்தது. 4 அடி அகலம், 10 அடி நீளத்தில் இரண்டு மேட்டுப்பாத்தி. இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்டினால் பாத்திக்குள் கால் வைக்க வேண்டியதில்லை, மண் இறுகாது. தக்காளியும் மிளகாயும் குழித்தட்டில் விதைத்து நாற்றாக எடுத்தேன். வெண்டை விதையை ஒரு இரவு ஊறவைத்து நேராகவே ஊன்றினேன். கீரையைத் தூவிவிட்டேன்.

மிளகாய் விஷயத்தில் அவசரப்பட்டுவிட்டேன். நாற்று நட்ட கையோடு, கூட்டிலிருந்து அள்ளிய கூளத்தை அப்படியே தூருக்குப் போட்டேன். நான்காம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது போலப் பழுப்பாகிவிட்டது. பச்சைக் கோழி எரு அவ்வளவு காரமானது. அதிலிருந்து வரும் அமோனியாவும் உப்பும் இளம் வேரைச் சுட்டுவிடும். கூளத்தை வழித்து எடுத்துவிட்டு இரண்டு நாள் நிறையத் தண்ணீர் விட்டேன். 15 நாற்றில் 9 பிழைத்தது.

அதன் பிறகுதான் மக்கு உரத்தை முறையாகச் செய்தேன். எச்சம் கலந்த கூளம் ஒரு பங்கு, காய்ந்த இலையும் சருகும் இரண்டு பங்கு. 3 அடி நீள அகல உயரத்துக்குக் குவியல். அதைவிடச் சின்னதாகப் போட்டால் சூடு நிற்காது. பிழிந்த துணி அளவுக்கு ஈரம். மூன்றாம் நாள் காலையில் குவியலின் நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவினேன். நுனியைப் பிடித்திருக்க முடியவில்லை. நீளத் தண்டு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 61 டிகிரி செல்சியஸ். 55 டிகிரிக்கு மேல் சில நாள் நின்றால்தான் நோய்க் கிருமியும் களை விதையும் சாகும். ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி ஐந்து தடவை புரட்டினேன். ஒவ்வொரு தடவையும் சூடு மறுபடி ஏறியது. புரட்டியும் சூடு ஏறாத நிலை வந்தபோது ஒரு மாதம் அப்படியே ஆறவிட்டேன். முடிவில் ஒரு தொட்டியில் அந்த உரத்தைப் போட்டுக் கீரை விதை தூவிப் பார்த்தேன். மூன்றாம் நாள் ஒன்று விடாமல் முளைத்து நிமிர்ந்து நின்றது. அந்தத் தொட்டியை ஒரு வாரம் வீட்டு வாசலிலேயே வைத்திருந்தேன், போகும்போதும் வரும்போதும் பார்க்கலாமே என்று.

மக்காத எருவை வெறும் மண்ணில் கலக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மண்ணில் படும் கீரை, கிழங்கு போன்றவற்றுக்கு எரு கலந்த நாளிலிருந்து அறுவடை வரை 120 நாள், மண்ணில் படாத காய்களுக்கு 90 நாள் என்று அமெரிக்க இயற்கை வேளாண் விதி இடைவெளி கேட்கிறது. சால்மோனெல்லா மாதிரியான கிருமிகளுக்காகத்தான் இந்தக் காத்திருப்பு. வீட்டுத் தோட்டத்தில் குழந்தைகள் பறித்த கையோடு வாயில் போட்டுக்கொள்வார்கள் என்பதால் நான் மக்கவைக்காமல் எதையும் போடுவதில்லை.

முதல் தக்காளிகளில் அடிப்பக்கம் கறுத்து அமுங்கிய வட்டம் வந்தது. சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று சமையலறையில் சேர்த்த முட்டை ஓட்டை நொறுக்கித் தூரில் போட்டேன். மாற்றமே இல்லை. ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். அதோடு பெரும்பாலும் மண்ணில் சத்து இருந்தும், அதைக் காய்க்குக் கொண்டுபோகத் தண்ணீர் சீராக இல்லாததுதான் காரணம். நான் ஒருநாள் நிறைய விட்டு, இரண்டு நாள் மறந்து, மறுபடி நிறைய விட்டுக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் அளவாக விட்டு, 3 அங்குலத்துக்குச் சருகு மூடாக்குப் போட்ட பிறகு வந்த காய்கள் சுத்தமாக இருந்தன.

ஒருநாள் முற்றத்துக் கதவு சரியாகச் சாத்தாமல் கோழிகள் பாத்திக்குள் புகுந்தன. இருபது நிமிடம்தான். கீரைப் பாத்தி முழுக்கச் சீய்த்துப் போட்டுவிட்டன. அப்புறம் தாழ்ப்பாளோடு ஒரு கொக்கியும் சேர்த்தேன். இப்போது ஒரு பாத்தி அறுவடை முடிந்து காலியானதும் நானே இரண்டு நாள் உள்ளே விடுகிறேன். மண்ணில் இருக்கும் புழு, கூட்டுப்புழு, களை விதை எல்லாம் அவற்றுக்கு இரை. அடுத்த விதைப்புக்குப் பாத்தி கிளறியே தயாராகிவிடுகிறது.

தீவனம் ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 110 கிராம். முதல் முட்டை வரும்வரை முட்டைக்கோழித் தீவனம் கொடுக்கவில்லை. அதில் இருக்கும் அதிகச் சுண்ணாம்பு வளரும் கோழியின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்துவிட்டேன், தேவைப்பட்டது கொத்திக்கொள்ளும். பச்சை நிறமான உருளைக்கிழங்கு, வேகாத பயறு, வெண்ணெய்ப் பழத் தோல் மூன்றையும் கிட்டேயே கொண்டுபோவதில்லை.

22வது வார வயதில் ஒரு கோழியின் கொண்டை நன்றாகச் சிவந்தது. கையை நீட்டினால் ஓடாமல் பதுங்கி உட்கார்ந்தது. எங்கே இட வேண்டும் என்று தெரியட்டும் என்பதற்காகப் பெட்டியில் ஒரு மர முட்டையை வைத்தேன். மறுவாரம் ஒரு காலை ஒரே கொக்கரிப்பு. மகள்தான் முதலில் ஓடினாள். பெட்டிக்குள் கையை விட்டவள் எடுக்காமல் அப்படியே நின்றாள்.

“அப்பா, இன்னும் சூடா இருக்குப்பா.”

சின்ன முட்டைதான், விடைக்கோழியின் முதல் முட்டை அப்படித்தான் இருக்கும். ஓட்டில் ஓரிடத்தில் ஒரு சிறு இறகு ஒட்டியிருந்தது. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சமையலறை வரை மெதுவாக நடந்து வந்தாள்.

இப்போது தினமும் நான்கு முட்டை, சில நாள் ஐந்து. பிழைத்த 9 மிளகாய்ச் செடியும் காய்க்கின்றன. காற்றுத் திறப்பில் சாரல் அடித்துக் கூளத்தின் ஒரு ஓரம் போன வாரம் நனைந்துவிட்டது. கூரையை வெளியே ஒரு அடி நீட்ட வேண்டும், தகரம் அளந்து வைத்தாயிற்று. இரண்டாவது குவியலை நேற்று முன்தினம் போட்டேன். இன்று காலை கம்பியை உருவினால் வெதுவெதுப்பு மட்டும் இருந்தது. கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடியிருக்கிறேன், நாளைக் காலையில் மறுபடி பார்க்க வேண்டும்.